உதைத்தால் எழுமோ?

நெடுநாள் செயலற்றுக் கிடந்த ஒன்று, அழைத்தவுடன் எழுந்து இயங்க மறுக்குமாயின், அக்குற்றம் யாருடையது? எழாததன் குற்றமா? எழுப்பும் வகை அறியாதவன் குற்றமா? அன்றி, முதற்கண் அதனைக் கிடத்திவைத்தவன் குற்றமா? நம் முன்னோர் பலர் இவ்வினாவுக்கு ஊழ் என்றும் வினைப்பயன் என்றும் பெரும் பெயர்களைச் சூட்டி, விடையைக் கடவுளிடத்தே ஒப்படைத்துவிட்டு ஓய்ந்தனர். நமக்கு அவ்வோய்வு வேண்டுவதில்லை. கண்ணாற் கண்டு கையால் தொட்டு அறியத்தக்க எடுத்துக்காட்டு ஒன்றைக் கொண்டு இதனை ஆராய்வதே பகுத்தறிவுக்கு உகந்த நெறி. ஆகவே, குளிர்நாட்டில் பனிக்காலம் முழுதும் நிறுத்திவைக்கப்பட்ட பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றைப் பற்றி இங்கே பேசப் புகுகின்றோம். அறம் பேச வந்தவர் எந்திரம் பேசுகின்றாரே என நேயர்கள் நகையாடாது, சிறிது பொறுத்துக் கேட்பாராக.

நம் நாட்டில் ஆண்டு முழுதும் வெயிலும் மழையுமே. மோட்டார் சைக்கிளை எந்நாளும் வெளியே எடுக்கலாம், எந்நாளும் ஓட்டலாம். இங்கிலாந்து, கானடா போன்ற நாடுகளின் நிலை வேறு. நவம்பர்த் திங்களில் அங்கே இரவு நீளும். சாலைமேல் பனிக்கட்டி உறையும். அதனை உருக்கும்பொருட்டுச் சாலைகளில் உப்பைத் தூவுவர். உப்புநீரோ இரும்புக்கு நஞ்சு. இதனால் பழைய வண்டி வைத்திருப்போர் பலர் அதனை ஒரு கொட்டகையில் நிறுத்தித் துணியால் மூடிவிட்டு, மார்ச்சுத் திங்கள் வரை தொடாதிருப்பர். நான்கைந்து திங்கள் கழிந்து, வெயில் சற்றே முகங்காட்டிய ஒரு காலையில் துணியை அகற்றி, நம்மவர் கிக்கர் என வழங்கும் உதைமிதியின்மேல் காலை வைப்பர். வண்டி எழாது. மீண்டும் உதைப்பர், எழாது. பத்தாம் உதையில் வியர்வை அரும்பும். இருபதாம் உதையில் வசைமொழி பிறக்கும். வண்டியின் தாயும் தந்தையும் அவ்வசையிலிருந்து தப்பார் எனக் கேள்வியுறுகின்றோம். இவ்வகையில் எல்லா நாட்டாரும் ஒன்றே.

பொதுப்படப் பேசினால் எதனையும் பேசிவிடலாம். ஆதலின் வண்டி இன்னதென்று குறித்துக்கொள்வது நலம். பர்மிங்காம் நகரின் ஸ்மால் ஹீத் பகுதியில் இருந்த பி.எஸ்.ஏ. தொழிற்சாலை, 1937 முதல் 1955 வரை எம்.20 எனும் வண்டியைச் செய்து வந்தது. ஒற்றைச் சிலிண்டர், 496 கன சென்டிமீட்டர் கொள்ளளவு, 13 குதிரைத் திறன். இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் படைக்காக மட்டும் 120,000க்கும் மேற்பட்ட எம்.20 வண்டிகள் செய்யப்பட்டன. அவற்றுள் எஞ்சியவை இன்றும் ஓடுகின்றன. பொத்தானை அழுத்தினால் எழும் வசதி இதில் இல்லை. தீப்பொறியைப் பாட்டரி தருவதில்லை; மாக்னெட்டோ எனும் கருவி சுழன்று தானே உண்டாக்கிக்கொள்ளும். தீப்பொறி விழும் காலத்தை முன்பின்னாக மாற்ற ஒரு கைநெம்பு, காற்றைக் குறைக்கவும் கூட்டவும் ஒன்று, புகை செல்லும் வால்வைச் சற்றே திறந்து பிடிக்க ஒன்று என, ஓட்டுபவன் கைகளுக்கு ஓயாத வேலை உண்டு. இங்கிலாந்தின் ரெட்டிச்சு ஊரில் பிறந்து, 1955ஆம் ஆண்டில் சென்னையில் தொழிற்சாலை கண்ட ராயல் என்ஃபீல்டு வண்டியை நம்மவர் நன்கறிவர். அதன் பழைய வகைகளுக்கும் ஈண்டுக் கூறுவனவற்றுள் பெரும்பகுதி பொருந்தும்.

வண்டி சும்மா கிடந்தது என்று சொல்கின்றோம். அச்சொல்லைச் சற்று ஆராய்வோம். அந்த நான்கைந்து திங்களில் நடந்தவை எவை?

பெட்ரோல் என்பது ஒரே பொருள் அன்று. பல நீர்மங்களின் கலவை. அவற்றுள் எளிதில் ஆவியாகுவன முதலில் பறந்துவிடும். எஞ்சியது கெட்டியாகிப் பிசின்போல் படிந்து, கார்புரேட்டரின் நுண்துளைகளை அடைக்கும். எண்ணெய்த் தொட்டியில் இருந்த எண்ணெய், தன் எடையாலேயே பம்பின் இடுக்கு வழியாகக் கசிந்து, பொறியின் அடிவயிற்றில் சென்று தேங்கும். தொட்டியைத் திறந்து பார்ப்பவன் எண்ணெய் எங்கே போயிற்று என மயங்குவான். கிளட்சின் தட்டுகள் எண்ணெய்ப் பசையால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். இரவில் குளிர்ந்த இரும்பின்மேல் பகலின் ஈரக்காற்றுப் பட்டு, உள்ளும் புறமும் நீர்த்துளி அரும்பும். பாதி வெறுமையாய் விடப்பட்ட பெட்ரோல் தொட்டியில் துரு பிடிக்கும். விளக்குக்கான பாட்டரி தானாகவே வலுவிழக்கும். நன்கு மின்னேற்றிய பாட்டரி, சுழிக்குக் கீழே 60 பாகை வரை குளிர்ந்தாலும் உறையாது. வலுவிழந்த பாட்டரியின் உள்ளே இருப்பதோ ஏறக்குறைய நீரே ஆதலின், எளிய குளிரிலேயே உறைந்து பெட்டியைப் பிளந்துவிடும். எலி ஒன்று வந்து புகைக்குழாயில் குடியேறினாலும் வியப்பில்லை. இத்தனையும் நடந்த பின்னரும் அதனைச் சும்மா கிடந்தது என்போமாயின், அது நம் நாவின் பிழையே. சும்மா இருத்தலைப் பெரும்பேறாகப் பாடிய சான்றோர் நம்மிடை உண்டு. அவர்கள் எந்திரம் வைத்திருந்தவர்கள் அல்லர்.

இவற்றோடு குளிரும் சேர்கின்றது. பெட்ரோல் நீர்மமாய் எரியாது. ஆவியாய்க் காற்றோடு கலந்தே எரியும். குளிரில் ஆவியாவது சிறிதளவே. அதிலும் ஒரு பகுதி குளிர்ந்த சுவரில் பட்டு மீண்டும் துளியாகிவிடும். எண்ணெயோ தேன்பாகுபோல் இறுகி நிற்கும். குளிர்காலத்துக்கென ஆக்கப்பட்ட எண்ணெய்களின் பெயரில் டபிள்யூ எனும் எழுத்து இடம்பெறுவதை நம் இளைஞர்கள் கடைகளில் கண்டிருப்பர். அது ஆங்கிலத்தில் பனிக்காலம் எனும் சொல்லின் முதலெழுத்து. பழைய வண்டியில் பழைய வழக்கப்படி ஊற்றிய தடித்த எண்ணெய் குளிரில் பொறியைத் தளைபோற் பிணிக்கும். பொறி மெல்லச் சுழன்றால் மாக்னெட்டோவும் மெல்லச் சுழலும். மெல்லச் சுழலும் மாக்னெட்டோ தரும் தீப்பொறி மெலிந்தது. மிகுந்த வலிமை எப்பொழுது வேண்டுமோ அப்பொழுதே தீப்பொறி மிக மெலிந்து நிற்கின்றது. ஓர் இல்லாமை மற்றோர் இல்லாமையைப் பெற்று வளர்க்கும் இக்காட்சியை, தோட்டப்புற வாழ்வைக் கண்டவர்க்கு நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை. கடன் உடையவனுக்கே வட்டி மிகுதி. நோயுடையவனுக்கே உணவு குறைவு.

இந்நிலையில் உதைப்பதால் விளைவது யாது? காற்றை அடைத்துவைத்து உதைக்க உதைக்க, ஆவியாகாத பெட்ரோல் உள்ளே பெருகிப் பிளக்கை நனைக்கும். நனைந்த பிளக்கில் தீப்பொறி பிறவாது. ஆகவே பதினைந்தாம் உதை ஐந்தாம் உதையைவிடப் பயன் குன்றியது. இது மட்டுமன்று. தீப்பொறியின் காலத்தைப் பின்தள்ளி வைக்காமல், அரைமனத்தோடு அரைகுறையாய் உதைப்பானாயின், பிஸ்டன் உச்சியை எட்டுமுன்னரே கலவை வெடித்துப் பொறி எதிர்த்திசையில் சுழலும். உதைமிதி துள்ளியெழுந்து உதைத்தவன் காலையே தாக்கும். கணுக்கால் முறிந்தோரும் உண்டு. வன்முறைக்கு மறுமையில் தண்டனை உண்டெனப் புராணிகர் அச்சுறுத்துவர்; இங்கே மறுமை வரை காத்திருக்க வேண்டுவதில்லை.

இனி, அறிந்தவன் செய்யும் முறையைக் காண்போம். இதனைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகின்றோம். எம் கருத்தின் உயிர் இதில்தான் உள்ளது.

அறிந்தவன் முதலில் உதைமிதியின் அருகே போவதில்லை. குனிந்து, பொறியின் அடியிலுள்ள அடைப்புத் திருகைக் கழற்றி, அங்கே தேங்கிய எண்ணெயைத் தட்டில் வடிப்பான். தொட்டியில் புதிய எண்ணெய் வார்ப்பான். பழைய பெட்ரோலை அகற்றிப் புதியது ஊற்றுவான். கார்புரேட்டரின் துளைகளைக் கழுவி வாயால் ஊதிப் பார்ப்பான். கம்பியால் குத்தமாட்டான், துளை ஒரு மயிரிழை அகன்றாலும் அளவு கெடும் ஆதலின். பிளக்கைக் கழற்றி, அத்துளை வழியே சிறிதளவு எண்ணெய் விட்டு, பிளக் இல்லாமலேயே உதைமிதியை மெல்ல மெல்லப் பலமுறை அழுத்துவான். அப்பொழுது பொறிக்குள் அழுத்தம் ஏறாது; பொறி எதிர்ப்பின்றிச் சுழலும்; உலர்ந்த உறுப்புகள் ஒவ்வொன்றாய் எண்ணெய் காணும். பின்னர்க் கிளட்சுப் பிடியை இழுத்துப் பிடித்துக்கொண்டு உதைமிதியை அழுத்தி, ஒட்டிய தட்டுகளைப் பிரிப்பான். பிளக்கை வீட்டுக்குள் எடுத்துச் சென்று அடுப்பருகே வைத்துச் சூடேற்றிக் கொணர்வோரும் உண்டு. தாய்மார் குழந்தையின் சட்டையைக் கணப்பருகே காட்டி அணிவிப்பதை ஒத்தது இச்செயல்.

இவ்வளவும் முடித்த பின்னரே, பெட்ரோலைத் திறந்து, கார்புரேட்டரின் சிறு பொத்தானை அழுத்தி அதனை நிரப்பி, காற்றை அடைத்து, தீப்பொறியின் காலத்தைப் பின்தள்ளி, வால்வு நெம்பைப் பிடித்துக்கொண்டு மூன்று நான்கு முறை பொறியை வெறுமனே சுழற்றுவான். நெம்பை விட்டதும் காலுக்கு அடியில் ஓர் எதிர்ப்புத் தோன்றும். அந்த எதிர்ப்பை அவன் உதைத்து முறிக்க முனைவதில்லை. மீண்டும் நெம்பைப் பிடித்து, பொறியை அவ்விடத்திலிருந்து சிறிதளவே நகர்த்தி, உதைமிதியை மேலே கொணர்ந்து, உடலின் எடை முழுதும் இறங்குமாறு ஒரே நீண்ட வீச்சாய் அழுத்துவான். முதல் வீச்சில் இல்லையேல் மூன்றாவதில் பொறி எழும். எழுந்தவுடன் உறுமவிட்டு மகிழமாட்டான். எண்ணெய்த் தொட்டியின் மூடியைத் திறந்து, எண்ணெய் சுற்றி வந்து திரும்பத் தொட்டியில் விழுகின்றதா எனப் பார்ப்பான். விழவில்லையேல் உடனே நிறுத்திவிடுவான். எவ்வளவு இனிய ஓசையாயினும் சரி.

உதைப்பதற்கு ஒரு நொடி போதும். இத்தனைக்கும் ஒரு காலைப்பொழுது வேண்டும். உலகில் உதைப்போர் மிகுந்திருத்தற்கு இதுவே காரணம் போலும்.

நிற்க. எந்திரத்துக்குச் சொன்னது மக்களுக்குப் பொருந்துமோ எனும் வினா எழும். பொருந்தும் இடத்தை முதலில் காட்டுவோம். பொருந்தாத இடத்தைப் பின்னர்ப் பேசுவோம்.

நம் தோட்டங்களிலும் பட்டணங்களிலும் இன்றும் காணும் காட்சி ஒன்று உண்டு. கணவனை இழந்த ஒரு பெண், ஐம்பது வயதினள், சேமநிதித் தொகை பெறுவதற்காகவோ வங்கிக் கணக்கை மாற்றுவதற்காகவோ அலுவலகம் ஒன்றின் முன் நிற்கின்றாள். படிவத்தைக் கையில் கொடுக்கின்றனர். அவள் அதனைத் திருப்பித் திருப்பிப் பார்க்கின்றாள். “என்னம்மா, இதுகூடத் தெரியாதா?” என்கின்றார் உடன் வந்த மைத்துனர், நான்கு பேர் கேட்க. அவள் ஆறாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவள். தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று நிறுத்தினர். மணமான பின்னர், பணத்தைக் கையாளுதல் ஆண்மக்கள் வேலை என்று சம்பளச் சீட்டையும் காட்டாதிருந்தனர். கடைக்குத் தனியே போனால் ஊர் பேசும் என்று அதனையும் தடுத்தனர். நாற்பது ஆண்டு துணியிட்டு மூடிவைத்து, ஒரு காலையில் துணியை உருவிவிட்டு, “எழு” என்கின்றனர். எழவில்லையாயின், பெண்புத்தி பின்புத்தி எனும் பழமொழி ஒன்று ஆயத்தமாய்க் காத்திருக்கின்றது. இப்பழமொழி எந்த நூற்றாண்டில் பிறந்ததாயினும் சரி, பூட்டிவைத்தவன் வாயில் பிறந்தது என்பதில் எமக்கு ஐயமில்லை.

இவளை ஒத்தவர் வேறு பலர். 2020ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் கொரோனா நோயின் பொருட்டு நம் பள்ளிகள் மூடப்பட்டன. அவ்வாண்டிலும் அடுத்த ஆண்டிலும் திறப்பதும் மூடுவதுமாய் நெடுங்காலம் கழிந்தது. தனியறையும் கணினியும் உள்ள வீட்டுப் பிள்ளைக்கு அஃது ஒருவகை ஓய்வு. தந்தையின் ஒரே கைப்பேசியை மூவர் பங்கிட்டுக்கொண்ட வீட்டுப் பிள்ளைக்கு அது பனிக்காலம். பள்ளி திறந்தபோது இருவரையும் ஒரே வரிசையில் அமர்த்தி, ஒருவனைக் கூர்மையன் என்றும் மற்றவனை மந்தன் என்றும் பெயரிட்டோர் உண்டு. முப்பது ஆண்டு பால்மரம் வெட்டியவனை, தோட்டம் வீட்டுமனையாய் மாறிய ஓராண்டுக்குள் வேறு தொழில் பயிலவில்லை எனக் குறை சொல்வோரும் உண்டு.

இவர்களுக்கெல்லாம் சூட்டப்படும் பெயர் சோம்பேறி என்பது. எத்துணை வசதியான சொல்! அச்சொல்லைச் சொன்னவுடன், கேள்வி கேட்டவன் கடமை அத்தோடு முடிந்துவிடுகின்றது. அறிஞர் சையட் ஹுசைன் அலாட்டாஸ் 1977ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆங்கில நூலொன்றில், மலாய்க்காரர், சாவகத்தார், பிலிப்பீன் மக்கள் ஆகியோர்மீது குடியேற்ற ஆட்சியாளர் சுமத்திய சோம்பல் எனும் பழி, ஆண்டவர்க்குப் பயன்பட்ட ஒரு கட்டுக்கதை என நிறுவினார். மலாய் மக்களைக் குறித்து எழுதிய அந்நூலை நம்மவரும் படித்தல் வேண்டும். துரைமார் பிறர்மேல் எறிந்த அச்சொல்லை எடுத்துக்கொண்டு, இன்று நம்மவர் நம்மவர்மேல் எறிகின்றனர்.

இனி, மறுப்பைக் கேட்போம். எந்திரத்துக்கு மனம் இல்லை, மனிதனுக்கு உண்டு. எந்திரம் தன்னைத்தான் துடைத்துக்கொள்ளாது. மனிதன் துடைத்துக்கொள்ள வல்லவன். ஆகவே எல்லாப் பழியையும் கிடத்திவைத்தவன் மேலேற்றுவது, கிடந்தவனுக்குச் சாக்குச் சொல்லிக் கொடுப்பதாகாதோ? சீர்திருத்தக்காரர் தன்மானமும் தன்முயற்சியும் போதித்துவிட்டு, இப்படியும் பேசலாமோ?

இம்மறுப்பில் உண்மை உண்டு. அதனைத் தள்ளிவிட நாம் விரும்பவில்லை. தன்முயற்சி இல்லாதவனைப் பிறர் கைகொடுத்து நிமிர்த்தினாலும் அவன் மறுகணமே சாய்வான். ஆயினும், முயற்சி என்பது தீப்பொறியை ஒத்தது. தீப்பொறி உண்டு என்பதனாலேயே வண்டி எழுந்துவிடாது. ஆவியான பெட்ரோல் வேண்டும்; சுழல இடந்தரும் எண்ணெய் வேண்டும்; புகை போகும் வழி திறந்திருத்தல் வேண்டும். மேலும், முன்னர்க் கூறியபடி, இறுகிய எண்ணெயே தீப்பொறியை மெலியச் செய்கின்றது. அப்பெண்ணுக்கு மனவுறுதி இல்லை என்கின்றார் மைத்துனர். நான்கு பேர் முன் நகைப்புக்கு ஆளாகி நிற்கும் அந்நொடியில் யாருக்குத்தான் மனவுறுதி நிலைக்கும்? அதே பெண்ணை ஒரு மகள் அருகே அமர்த்தி, ஒரு வெற்றுப்படிவத்தில் மூன்று நாள் எழுதிப் பழக்கிப் பின்னர் அலுவலகத்துக்கு அழைத்துச் செல்வாளாயின், அவள் தானே பேசுவாள். மனிதனுக்கு மனம் உண்டு என்பது, உதைக்க உரிமை தரும் வாதமாகாது. எந்திரம் நாணமடையாது, மனிதன் நாணத்தால் குன்றுவான் ஆதலின், மனிதனிடத்தே இன்னும் கூடுதலான பொறுமை வேண்டும் என்பதற்கே அது சான்றாகும்.

உதைப்பதைக் கண்டித்தோம். அதனினும் நுண்ணிய தீங்கு ஒன்று உண்டு. அதனைச் செய்வோர் நல்லோர் என்பதே அதன் கொடுமை. பனிக்காலத்தில் சிலர் ஞாயிறுதோறும் கொட்டகைக்குச் சென்று, வண்டியை எழுப்பி, ஐந்து நிமிடம் அதன் ஓசை கேட்டு மனநிறைவடைந்து, நிறுத்திவிட்டுத் திரும்புவர். வண்டியைப் பேணுகின்றோம் என்பது அவர்கள் எண்ணம். உண்மை யாதெனின், ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் நீர் உண்டாகின்றது. பொறி நன்கு சூடேறி நெடுந்தொலைவு ஓடினால் அந்நீர் ஆவியாய் வெளியேறிவிடும். ஐந்து நிமிடத்தில் பொறி சூடேறுவதில்லை. நீர் உள்ளேயே தங்கி, புகைக்குழாயைத் துருவேற்றி, எண்ணெயோடு கலந்து வெண்ணெய்போல் நுரைத்து, அமிலங்களோடு கூடித் தாங்கிகளை அரிக்கும். ஐந்து நிமிடம் எழுப்புவதைவிடத் தொடாதிருப்பது நன்று என்பது அறிந்தோர் கருத்து.

நம் சங்கங்கள் பலவற்றின் ஆண்டு விழாக்களை எண்ணுங்கால் இச்செய்தி நினைவுக்கு வருகின்றது. ஆண்டுக்கொரு முறை படிப்பகத்தின் கதவு திறக்கப்படும். மாலைகள் விழும்; புகைப்படம் எடுக்கப்படும்; மூன்று மணி நேரம் முழக்கம் கேட்கும். மறுநாள் கதவு மூடப்படும். புத்தகங்களைக் கறையான் தின்பது மட்டுமன்று. அடுத்த முறை வா என்றால் வர விரும்பும் இளைஞரின் நெஞ்சில் ஒரு துரு ஏறிவிடுகின்றது. விழாக் கண்டு ஏமாந்தவனை எழுப்புவது, விழாவே காணாதவனை எழுப்புவதினும் அரிது. விழா நடத்துவோரை வேண்டுகின்றோம்: நடத்தினால் பொறி சூடேறும் வரை நடத்துங்கள்.

உதவிக்கும் காலம் உண்டு என்பதனை இங்கே குறிப்பிடல் வேண்டும். காற்றை அடைத்துப் பெட்ரோலை மிகுவிப்பது குளிர்ந்த பொறிக்கு மருந்து. சூடேறிய பொறிக்கு அதுவே கேடு. அமெரிக்கரான இராபர்ட் பிர்சிக் 1974ஆம் ஆண்டில் மோட்டார் சைக்கிளையும் மெய்யியலையும் பிணைத்து எழுதிய நூலில், சூடான நாளில் காற்றை அடைத்துவைத்து உதைத்து உதைத்துச் சினமுறும் நண்பர் ஒருவரைக் காட்டுகின்றார். எழுந்து நடக்கத் தொடங்கியவனையும் கைப்பிடித்தே நடத்த விரும்புவோர் நம் தலைவர்களிலும் உளர். நெம்பைச் சிறிது சிறிதாகத் திறந்துவிட அறியாதவர் அவர்.

எல்லா வண்டியும் எழும் என்று சொல்லி யாரையும் மயக்க விரும்பவில்லை. நெடுங்காலம் ஈரத்தில் கிடந்து, பிஸ்டன் சிலிண்டரோடு துருவால் ஒட்டிப்போன பொறிகள் உண்டு. இளக்கும் எண்ணெயை ஊற்றி, நாட்கணக்கில் ஊறவிட்டு, கியரில் இட்டுப் பின்சக்கரத்தை மெல்ல முன்னும் பின்னும் அசைத்துப் பார்ப்பர். சில இளகும். சில இளகா, சம்மட்டி கொண்டு அடித்தால் பிஸ்டன் உடையும். அவ்வாறே, பழையது என்பதற்காக ஒன்றைப் போற்றுவோரும் அல்லேம். கண்ணாடிப் பேழையில் வைத்துப் பூச்சூட்டி வணங்குவதற்கு வண்டி எதற்கு? ஓட்டத்தகுமாயின் ஓட்டுக, தகாதாயின் உறுப்புகளைப் பிறிதொன்றுக்குப் பயன்படுத்துக. புதுமையைக் கொள்ளுங்காலும் பழையதன் இயல்பை அறிந்து கொள்ளல் வேண்டும். பிரிட்டனில் 2021 செப்டம்பர் முதல், பத்து விழுக்காடு வரை எத்தனால் கலந்த பெட்ரோலே பொது வழக்காயிற்று. புகையின் கேட்டைக் குறைக்கும் நன்னோக்கம் அதற்கு உண்டு. ஆயினும் எத்தனால் நீரை ஈர்க்கும். பழைய வண்டியின் இரப்பர் வளையங்களைக் கெடுக்கும். இதற்காகப் புதிய பெட்ரோலைப் பழிப்பார் பழமைப் பித்தர். வளையங்களை மாற்றிவிட்டு ஓட்டுவார் அறிவுடையோர்.

இதுகாறும் மார்ச்சுத் திங்களையே பேசினோம். எம் கருத்தில், அறம் பிழைத்த இடம் நவம்பர்த் திங்கள். வண்டியை நிறுத்தும் நாளில் எண்ணெயை மாற்றல் வேண்டும். ஓடித் தேய்ந்த எண்ணெயில் நீரும் அமிலமும் உள. வசந்தத்தில் எப்படியும் மாற்றுவோமே எனப் பலர் பழைய எண்ணெயோடு நிறுத்திவிடுகின்றனர். ஐந்து திங்கள் அந்த அமிலத்திலேயே உறுப்புகள் ஊறுகின்றன. பெட்ரோல் தொட்டியை விளிம்புவரை நிரப்பல் வேண்டும்; கார்புரேட்டரை வடித்துவிடல் வேண்டும்; பாட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் வைத்து மின்னேற்றி வரல் வேண்டும். இவற்றுக்கு ஆகும் செலவு சிறிது. ஆயினும் செய்வோர் சிலரே. அன்று வண்டி ஓடிக்கொண்டுதான் வந்தது. ஓடுகின்ற பொருளிடத்தே யாரும் இரக்கம் கொள்வதில்லை. மரம் வெட்டுவோரை வீட்டுக்கு அனுப்பிய தோட்டங்களிலும், மகளைப் பள்ளியினின்று நிறுத்திய வீடுகளிலும், அனுப்பிய நாளில், நிறுத்திய நாளில், அவர் கையில் என்ன கொடுத்தனர் எனக் கேட்டுப் பார்த்தல் வேண்டும். பின்னர் நிகழ்ந்தவற்றுள் பெரும்பகுதி அவ்விடையிலேயே அடங்கிக் கிடக்கும்.

நல்ல முறையில் வண்டியை நிறுத்துவோர் செய்யும் சிறு செயல் ஒன்றைக் கூறி முடிப்போம். ஈரமும் எலியும் புகாதிருக்கப் புகைக்குழாயில் எண்ணெய்த் துணி அடைப்பதுண்டு. தட்டுகள் ஒட்டாதிருக்கக் கிளட்சுப் பிடியை இழுத்துக் கட்டிவைப்பதுண்டு. ஐந்து திங்கள் கழித்து வருபவன் இவற்றை மறந்திருப்பான். அன்றி, வருபவன் வேறொருவனாகவும் இருக்கலாம். ஆகவே ஒரு சீட்டில் செய்தவை அனைத்தையும் எழுதிக் கைப்பிடியில் கட்டித் தொங்கவிடுவர். பதிவேடு எழுதிப் பிழைக்கும் நமக்கு அச்சீட்டின்மேல் தனி மதிப்பு உண்டு. வேலையினின்று நின்றோர் பதிவிலும் பள்ளியினின்று விலகியோர் பதிவிலும் காரணம் எனும் கட்டம் ஒன்று இருக்கும். அதன் அகலம் ஒரு சொல்லுக்கே போதும். அவ்வண்டிச் சீட்டிலோ நான்கு வரி இருக்கும்: எண்ணெய் மாற்றப்பட்டது, பாட்டரி வீட்டுக்குள் உள்ளது, கிளட்சு கட்டப்பட்டுள்ளது, புகைக்குழாயில் துணி இருக்கின்றது, உதைக்குமுன் எடுத்துவிடவும்.